இரும்புக்கை மாயாவிக்கு எத்தனை புள்ளி குறைப்பது?

பொற்கைப் பாண்டியன் கதையைப் பள்ளிக்கூடத்தில் படிக்காதவர்கள் ரொம்பக் குறைவாகத்தான் இருப்பீர்கள். ராத்திரி நகர்வலம் போன ராஜா, ஒரு வீட்டில் பேச்சுக்குரல் கேட்டு, சந்தேகப்பட்டுக் கதவைத் தட்டிவிடுகிறார். உள்ளே இருந்தது அந்த வீட்டுக்காரரே. அந்த வீட்டு அம்மாவுக்குக் கெட்ட பேர் வரக்கூடாதே என்று தெருவில் இருந்த அத்தனை கதவுகளையும் தட்டிவிட்டு அரண்மனைக்கு ஓடிவிடுகிறார். மறுநாள் பஞ்சாயத்து வருகிறது. தட்டியவன் கையை வெட்ட வேண்டும் என்றதும் தன் கையையே வெட்டிக்கொண்டு, பிறகு பொன்னால் ஒரு கை செய்து பொருத்திக்கொண்டார். சிலப்பதிகாரம் வரைக்கும் போகிற பழைய கதை.

இதை இப்போது இழுப்பதற்குக் காரணம், அந்தப் பொன் கை வைத்த பிறகு பாண்டியனுக்கு மனிதத்தன்மை குறைந்துபோனது என்று யாரும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. கூடியதாகத்தான் கதையே.

அடுத்தது இரும்புக்கை மாயாவி. 1972-ல் வந்த முத்து காமிக்ஸ் முதல் இதழே அவர்தான். ஆய்வுக்கூடத்து விபத்துகளுக்குப் பிறகு எஃகுக் கையோடு நடமாடுவார். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், கை மட்டும் மறையாது. அப்பா தலைமுறைக்கு அவர் சூப்பர் ஹீரோ. ஆனால் 1962-ல் ஆங்கிலத்தில் தொடங்கிய மூலக் கதையில் ஆள் முதலில் கெட்டவன்! கை வந்ததும் புத்தி கெட்டு, அப்புறம்தான் திருந்துகிறான்.

இந்த இரண்டு கைகளில் எதன் கணக்கு சரி என்று அயனம்பாக்கத்தில் ஒரு மொட்டை மாடியில் மூன்று மாதமாகச் சண்டை நடக்கிறது. நானும் அதில் ஒரு கட்சி என்பதால், எதிர்க்கட்சிக்குப் பேச வாய்ப்பில்லாத இந்த இடத்தில் என் வாதத்தை முழுசாகச் சொல்லிவிடுகிறேன் :-)

விஷயம் தெரியாதவர்களுக்கு. டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்பது காகிதம், பென்சில், பகடை, வாய் நான்கையும் வைத்து ஆடுகிற ஆட்டம். ஒருவர் கேம் மாஸ்டர், அதாவது கதை நடத்துகிறவர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கேரக்டர். "நான் சுவரேறிக் குதிக்கிறேன்" என்பீர்கள். குதித்தீர்களா, காலை உடைத்துக்கொண்டீர்களா என்பதைப் பகடை சொல்லும். நாங்கள் ஆடுவது சைபர்பங்க் 2020. மைக் பாண்ட்ஸ்மித் உருவாக்கி 1990-ல் வந்த பதிப்பு. பெயரில் இருக்கும் வருஷம் தாண்டியே போய்விட்டதால் எங்கள் கதையை 2080-க்குத் தள்ளி, அம்பத்தூர் எஸ்டேட்டில் நடத்துகிறோம். லேத் பட்டறைகள் இருந்த இடத்தில் எல்லாம் கை கால் மாட்டுகிற கடைகள்.

அந்த உலகத்தில் எல்லாரும் உடம்புக்குள் எதையாவது பொருத்திக்கொள்வார்கள். இரும்புக் கை, இருட்டில் தெரிகிற கண், சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது கேட்கிற காது. இதற்கு விலை மட்டும் வைத்தால் பணம் சேரச் சேர ஒவ்வொருவனும் நடமாடும் டாங்க் ஆகிவிடுவான், ஆட்டம் போச்சு. அதனால் பாண்ட்ஸ்மித் இன்னொரு விலை வைத்தார். உங்கள் கேரக்டரின் எம்பதி, அதாவது பிறர் மனதைப் புரிந்துகொள்ளும் திறன், ஆறு என்றால் மனிதத்தன்மை அறுபது புள்ளி. ஒவ்வொரு பொருத்தலுக்கும் பகடை உருட்டி அதில் கழிக்க வேண்டும். பத்து புள்ளி போனால் எம்பதியில் ஒன்று போகும். எம்பதி சுழி ஆனால் அவன் சைபர்சைக்கோ, வெறி பிடித்தவன். கேரக்டர் தாளை கேம் மாஸ்டர் வாங்கிக்கொள்வார்.

ஷேடோரன் என்ற இன்னொரு ஆட்டத்தில் (1989) இதற்கு எசன்ஸ் என்று பெயர். எல்லாருக்கும் ஆறு புள்ளி, தீர்ந்தால் மரணம். அதில் ஒரு வேடிக்கை உண்டு. உசத்தி ரகச் சாமான் வாங்கினால் எசன்ஸ் குறைவாகத்தான் போகும். காசுள்ளவன் ஆன்மாவும் பத்திரம். எழுதியவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்களா தெரியாது, எனக்குப் பிடித்திருக்கிறது.

விதியாக மட்டும் பார்த்தால் அழகான விதிதான். நானும் ஒரு வருஷம் கேள்வி கேட்காமல்தான் ஆடினேன். பிறகு எங்கள் கேம் மாஸ்டரின் தங்கை ஆட வந்தாள்.

பிளஸ் டூ படிக்கிறாள். பிறவியிலேயே காது கேட்காது. நாலு வயசில், 2012-ல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்தார்கள். முதல் நாள் கேரக்டர் உருவாக்க உட்கார்ந்தவள், விலைப்பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்து, காது என்ற இடத்தில் விரலை வைத்தாள். செயற்கைக் காதுக்கு ஆறு முகப் பகடை இரண்டு. "அண்ணா, அப்போ எனக்கு எவ்வளவு குறைஞ்சிருக்கும்?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அவள் அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்து, பகடையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டான். அன்றைக்கு ஆட்டம் எட்டு மணிக்கே முடிந்தது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பிரச்சினை எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. 2020-ல் வந்த சைபர்பங்க் ரெட் பதிப்பில், இழந்த உறுப்புக்குப் பதிலாக மருத்துவக் காரணத்துக்காகப் பொருத்தினால் மனிதத்தன்மை குறையாது. எங்கள் கேம் மாஸ்டரும் மறுவாரம் இதைத்தான் தூக்கிக்கொண்டு வந்தான். "சரி, வைத்தியம்னா ஃப்ரீ. வசதிக்குன்னா கழிவு." பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தான். எனக்குத் தீரவில்லை. எது வைத்தியம், எது வசதி என்று யார் கோடு போடுவது?

நிஜத்தில் அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். முதலமைச்சர் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு. மத்திய அரசின் அடிப் திட்டத்தில், 2014 விதிகளின்படி, பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு ஐந்து வயது வரை, ஒரு கருவிக்கு ஆறு லட்சம் ரூபாய் வரை. இதற்குக் காரணம் இருக்கிறது. சின்ன வயசில் சத்தம் உள்ளே போகவில்லை என்றால், மூளையில் கேட்பதற்கான பகுதி வேறு வேலைக்குப் போய்விடும். பிறகு வைத்தால் பலன் குறைவு. ஆனால் ஏழாவது பிறந்தநாள் முடிந்து மருத்துவமனைக்கு வருகிற ஒரு குழந்தையின் அம்மாவிடம் இது வெறும் வசதி என்று சொல்லிப் பாருங்கள்... இன்றைக்கு வசதி, நாளைக்கு வைத்தியம், நாளன்றைக்கு மறுபடி வசதி. அந்த மாதிரி ஒரு கோட்டை வைத்து ஆன்மாவை அளக்க முடியாது.

அப்படியானால் இம்ப்ளான்டுக்கு விலையே இல்லையா? இருக்கிறது. அதை அவளிடமே கேட்டேன். நம்மில் பல பேர் நினைக்கிற மாதிரி, காதுக்குள் ஒரு சாமானை வைத்துத் தைத்துவிட்டால் வேலை முடிவதில்லை. உள்ளே தோலுக்கடியில் ஒரு பாகம், அதிலிருந்து காக்ளியாவுக்குள் போகும் மெல்லிய மின்முனைக் கம்பி. வெளியே காதுக்குப் பின்னால் மைக்கும் பிராசஸரும், தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டம். நம் காக்ளியாவில் சத்தத்தை நரம்புக்கு அனுப்புவதற்குச் சுமார் 3,500 உணர்செல்கள். அந்த வேலையை இங்கே இருபது சொச்சம் மின்முனைகள் செய்கின்றன. ஆபரேஷன் முடிந்து சில வாரம் கழித்துத்தான் ஸ்விட்சே போடுவார்கள். அதன் பிறகு மேப்பிங், அதாவது ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்சாரம் என்று அளந்து வைப்பது. ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. கூடவே வருஷக்கணக்கில் பேச்சுப் பயிற்சி. அவள் அம்மா வானகரம் சிக்னலில் பஸ்ஸுக்கு நின்ற மணி நேரங்களையெல்லாம் கூட்டினால் ஒரு டிகிரி வாங்கியிருக்கலாம்.

பிறகு பேட்டரி. பிறகு வியர்வை. (சென்னை மே மாதத்தை நினைத்துக்கொண்டு எந்த வெளிநாட்டுக் கம்பெனி டிசைன் செய்கிறதோ!) பிறகு வயர். பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டி வந்தால் உள்ளே இருக்கும் காந்தத்தை நினைத்து யோசனை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நாள் கம்பெனியிலிருந்து சொல்வார்கள், உங்கள் பிராசஸர் பழைய மாடல், இனி உதிரி பாகம் வராது என்று. இன்னொரு கம்பெனியில் மலிவாக வாங்கி மாட்டலாமே என்றால் முடியாது. உள்ளே எந்தக் கம்பெனியோ வெளியேயும் அதுதான். தலைக்குள் இருப்பதை வைத்து ஆயுசுக்கும் ஒரே கடைக்குக் கணக்கு. புது பிராசஸர் லட்சங்களில். போன வருஷம் அவளுடையது ரிப்பேருக்குப் போய் ஐந்து வாரம் திரும்பவில்லை. அந்த ஐந்து வாரத்தில் ஒரு காலாண்டுத் தேர்வு வேறு.

மனிதத்தன்மையிலிருந்து அவளுக்கு ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. குறைந்தது நேரம், காசு, அப்புறம் கடையை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம்.

இன்னும் பயங்கரமான உதாரணம் வேண்டுமென்றால் ஆர்கஸ் 2 கதை. செகண்ட் சைட் என்ற அமெரிக்கக் கம்பெனியின் விழித்திரை இம்ப்ளான்ட். 2013-ல் அங்கே அனுமதி கிடைத்தது. விலை ஒன்றரை லட்சம் டாலர் வாக்கில். பார்வையே இல்லாதவர்களுக்கு வெளிச்சமும் உருவங்களின் விளிம்பும் தெரியும் என்ற அளவுக்கான கருவி. 2019-ல் தயாரிப்பை நிறுத்தினார்கள், 2020-ல் கம்பெனியே திவாலாகும் நிலைமை. உலகத்தில் 350 பேருக்கு மேல் கண்ணுக்குள் அந்தக் கருவியோடு இருந்தார்கள், கெட்டுப்போனால் பார்க்க ஆளில்லை. 2022-ல் ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம் இதழில் விரிவாக வந்தது. சைபர்பங்க் எழுதுகிற யாரும் இதைவிடக் கறுப்பாக ஒன்றைக் கற்பனை செய்துவிட முடியாது. ஆனால் 2020 விதிப்புத்தகத்தின் இம்ப்ளான்ட் பட்டியலில் விலையும் மனிதத்தன்மைக் கழிவும் இருக்கின்றன, கம்பெனி செத்தால் என்ன ஆகும் என்று ஒரு கட்டம் இல்லை.

ஆக, என் கட்சி இதுதான். மனிதத்தன்மைப் புள்ளியை எடுத்துவிட்டு, பராமரிப்பை விலையாக வைக்க வேண்டும்.

கேம் மாஸ்டர் உடனே மடக்கினான். பணத்தால் கட்டுகிற எந்த விலையும் ஆட்டத்தில் நிற்காது, ஒரு பெரிய கொள்ளை அடித்தால் பத்து வருஷத்துக்குப் பேட்டரி வாங்கிவிடுவான், பிறகு டாங்க்தான். மனிதத்தன்மை என்பது காசு கொடுத்து வாங்க முடியாத ஒன்று, அதனால்தான் அது தடுப்பாக வேலை செய்கிறது என்றான். பாயிண்ட். ஒப்புக்கொண்டேன். ரெண்டு நாள் தூக்கம் இல்லை. (செமஸ்டர் பாடத்துக்கு இப்படி ஒரு நாள் விழித்ததில்லை.)

விடை அவள் சொன்னதிலேயே இருந்தது. பஸ்ஸுக்கு நின்ற நேரம். கொள்ளையடித்தாலும் மாதத்துக்கு நாலு வாரம்தான்.

இப்படி வைத்தோம். ஆட்டத்தில் ஒரு மாதம் தொடங்கும்போது ஒவ்வொருவர் முன்னாலும் எட்டு சோழி. ஒரு சோழி அரை வாரம். கதையில் ஒரு பெரிய வேலைக்குக் கிளம்பினால் நாலு சோழி போகும். வாடகைக்கும் சோற்றுக்கும் சம்பாதிக்க இரண்டு. மிச்சம் இரண்டு. ஒவ்வொரு இம்ப்ளான்டும் மாதம் ஒரு சோழி தின்னும், பொருத்திய முதல் ஆறு மாதம் இரண்டு. பழகும் வரைக்கும் அது பாதித் திறனில்தான் வேலை செய்யும். ஆக, பழகிய இம்ப்ளான்ட் இரண்டு வரைக்கும் சுகம். மூன்றாவது வைத்தால் வேலையா வாடகையா என்று யோசிக்க வேண்டும். நிஜத்தில் இவ்வளவு நேரம் ஆகாது, ஆட்டத்துக்காக ஊதிப் பெரிதாக்கியிருக்கிறோம். அறுபது புள்ளியும் அப்படித்தானே?

முதலில் பேப்பரில் எழுதிக் கழித்தோம், ரேஷன் கார்டு மாதிரி இருக்கிறது என்று எல்லாரும் திட்டினார்கள். பாட்டியின் பல்லாங்குழிப் பையிலிருந்து சோழியை எடுத்துவந்த பிறகுதான் ஒரு கணக்கு விஷயம் ஆட்டமாக மாறியது.

அடுத்தது கம்பெனிப் பகடை. வாங்கும்போதே யாருடைய சரக்கு என்று எழுதிக்கொள்ள வேண்டும். கதையில் ஒரு வருஷம் முடிந்தால் பத்து முகப் பகடை. சின்னக் கம்பெனி என்றால் 1, 2 விழுந்தால் மூடல். பெரிய கம்பெனி என்றால் 1 விழுந்தால் அந்த மாடல் நிறுத்தம். இம்ப்ளான்ட் உடனே சாகாது, ஆனால் இனிமேல் ரிச்சி தெருவில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு மாதம் ஒரு சோழி கூடுதல்.

இதை வைத்து ஆடியபோது நடந்ததுதான் என் வாதத்துக்குப் பெரிய ஆதாரம். எங்களில் ஒருத்தனுக்கு இம்ப்ளான்ட் ஆசை அதிகம். பட்டியலைப் பார்த்தாலே கை அரிக்கும். ஆறு வைத்துக்கொண்டான். எட்டில் ஆறு போய் இரண்டு சோழி, வாடகைக்கு மட்டும். எந்தச் சாகசத்துக்கும் வர முடியவில்லை. கடைசியில் ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டான். பராமரிப்பெல்லாம் அவர்கள் பொறுப்பு, பதிலுக்கு அவர்கள் சொல்கிற வேலையை அவன் செய்ய வேண்டும். மூன்றாவது வாரம் அவர்கள் சொன்ன வேலை, எங்களில் ஒருத்தியைப் பிடித்துக் கொடுப்பது. அவன் ஐந்து நிமிஷம் சோழியை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பைத்தியம் பிடிக்கவில்லை, வெறி பிடிக்கவில்லை, ஒரு புள்ளியும் கழியவில்லை. பழைய விதியில் நாலு பேர் சைபர்சைக்கோ ஆகியிருக்கிறார்கள், ஒருவருக்காகவும் நான் வருத்தப்பட்டதில்லை. இந்த ஐந்து நிமிஷம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மனிதத்தன்மை குறைவதைக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன் என்று யாரும் சொல்லவேண்டாம். அது நடக்கிறது. இரும்பால் நடக்கவில்லை, ஒப்பந்தத்தால் நடக்கிறது.

விலைப்பட்டியலையும் கொஞ்சம் நோண்டினோம். விதிப்புத்தகத்தில் விலை என்பது வானத்திலிருந்து விழுந்த மாதிரி நிரந்தரம். நம் ஊரில் அப்படியா? 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை ஆணையம் இதய ஸ்டென்டுக்கு உச்சவரம்பு வைத்தது. மருந்து பூசிய ரகம் சராசரியாக ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல் விற்றது 29,600 ரூபாய்க்கு வந்தது. அதே ஆகஸ்டில் மூட்டு மாற்றுக்கும் வைத்தார்கள். அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் முழங்கால் ஒன்றரை லட்சத்துக்கு மேலிருந்து 54,720-க்கு இறங்கியது. அதே உலோகம், அதே முழங்கால், ஒரு அரசாணை. எனவே எங்கள் 2080-ல் தேர்தல் வந்தால் விலைப்பட்டியலுக்கும் ஒரு பகடை உண்டு.

மதுரை மாடல் என்று ஒரு ரகமும் சேர்த்தோம். இது என் ஐடியா என்பதால் கொஞ்சம் பெருமை. கண்புரை ஆபரேஷனில் வைக்கும் லென்ஸும் இம்ப்ளான்ட்தான், நம் தாத்தா பாட்டிகளில் பாதிப் பேர் சைபர்பங்க் ஆசாமிகள்தான். லண்டனில் ஹெரால்ட் ரிட்லி 1949-ல் முதலில் வைத்தார். யுத்த விமானிகளின் கண்ணுக்குள் போன கண்ணாடிக்கூண்டுச் சில்லு உறுத்தாமல் இருந்ததைப் பார்த்து, அதே ரக பிளாஸ்டிக்கில் செய்தது. நம் பக்கம் இறக்குமதி லென்ஸ் நூறு டாலர் வாக்கில் விற்றபோது, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் 1992-ல் ஆரோலேப் தொடங்கி, பத்து டாலர் வாக்கில் தாங்களே செய்தார்கள். பேட்டரி இல்லை, மேப்பிங் இல்லை, கம்பெனிக்குக் கணக்கு இல்லை. ஒரே குறை, சாதாரண லென்ஸ் ஒரு தூரத்துக்குத்தான் தெளிவு. பேப்பர் படிக்கக் கண்ணாடி போட வேண்டும். ஆட்டத்தில் இது அப்படியே வருகிறது. மதுரை மாடல் எதுவானாலும் விலை பத்தில் ஒன்று, சோழி கிடையாது, கம்பெனிப் பகடை கிடையாது, ஆனால் ஒரே ஒரு வேலைதான் செய்யும். இரண்டு பேர் ஏற்கெனவே அதற்கு மாறிவிட்டார்கள். கேம் மாஸ்டர் இது ரொம்ப மலிவு என்று முணுமுணுக்கிறான். நிஜத்திலும் முதலில் நிறையப் பேர் இப்படித்தான் முணுமுணுத்திருப்பார்கள்.

தங்கையின் கேரக்டரைச் சொல்லாமல் விட்டேனே. அவள் செயற்கைக் காது வாங்கினாள், நாங்கள் யாரும் யோசிக்காத ஒரு விதியோடு. அணைக்கலாம். ஆடி மாதம் இங்கே திருவேற்காடு சுற்றுவட்டாரம் முழுக்க ஒலிபெருக்கி கட்டியிருக்கும்போது, தெருவில் நிம்மதியாகத் தூங்குகிற ஒரே ஆள் அவள்தான். பிராசஸரைக் கழற்றி மேஜையில் வைத்துவிடுவாள், அவ்வளவுதான். போன சனிக்கிழமை எதிரிகள் காதைக் கிழிக்கும் ஒலிக் குண்டு வீசியபோது மற்ற எல்லாரும் பகடை உருட்டினோம். மூன்று பேர் விழுந்தோம். அவள் உருட்டவே இல்லை. "ஆஃப் பண்ணிட்டேன்" என்றாள்.

இதற்குச் சோழிக் கணக்கு எதுவும் எழுதி வைக்கவில்லையே என்று அவள் அண்ணன் விதித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தான். ஒரு சோழி வாங்கலாம் என்கிறான். நான் கூடாது என்கிறேன். வருகிற சனிக்கிழமை ஓட்டெடுப்பு.